கடைசிச் சொட்டுப் பெற்றோலும் டாஷ் கமராவும்

எங்கட வயதுக்காரருக்கு இப்ப ஒரு கார் கைக்கு வந்தால், அது பழைய வாகன் ஆர் ஆனாலும் சரி, லீசிங்கில் எடுத்த அக்வா ஆனாலும் சரி, முதலில் வாங்கிப் பூட்டுகிற சாமான்களில் ஒன்று டாஷ் கமரா. பூட்டின கையோடு வருகிற கேள்வியும் எல்லாரிடமும் ஒன்றுதான்: கார் நிற்கிற நேரத்திலயும் கமரா ஓட வேணும், ஆனால் விடியப் பார்க்கப் பற்றரி இறங்கியிருக்கக் கூடாது, என்ன செய்யலாம்? வயரிங் செய்கிறவரிடம் கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலை நாங்களும் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முதல் எங்களைக் குடைந்த கேள்வி வேறு. ஒரு இஞ்சினையே சுழற்றுகிற அவ்வளவு பாரமான பற்றரி, தீப்பெட்டி மாதிரி இருக்கிற ஒரு கமராவுக்கு இரண்டு மூன்று நாள் சாப்பாடு போட முடியாமல் ஏன் படுத்துவிடுகிறது?

இந்தக் கேள்விக்குப் பாதி விடை 1911இன் அமெரிக்காவில் இருக்கிறது. மற்றப் பாதி 1990களின் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பற்றரி காரைவிட மூத்தது. பிரான்சில் கஸ்ரோன் பிளாந்தே அதைச் செய்தது 1859இல். 1881இல் கமில் ஃபோர் தகடுகளில் ஈயப் பசையைப் பூசி அதற்குக் கூடுதல் கொள்ளளவு கொடுத்தார். இன்றைக்கு உங்கட பொனற்றுக்குள் இருப்பது அந்தப் பற்றரியின் நேரடிப் பேரப்பிள்ளைதான். ஆனால் ஆரம்பகால பெற்றோல் கார்கள் பலவற்றுக்கு அது பெரிய தேவையாக இருக்கவில்லை. 1908இல் வந்த ஃபோர்ட் மொடல் ரீ, இஞ்சின் சுழலும்போது காந்தத்திலிருந்து தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே எடுத்துக்கொண்டது. முதல் சுழற்சியை மட்டும் மனிதக் கை கொடுக்க வேணும். காருக்கு முன்னால் போய், ஸ்ரார்ட்டிங் ஹாண்டிலைச் செருகி, பலம் கொண்டமட்டும் சுற்ற வேணும்.

அந்த ஹாண்டில் லேசுப்பட்ட சாமான் இல்லை. தீப்பொறி நேரம் தப்பி வந்தால் இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். ஹாண்டில் திரும்பி வந்து மணிக்கட்டையோ தாடையையோ உடைக்கும். மணிக்கட்டு எலும்பில் வருகிற ஒரு வகை முறிவை வைத்தியர்கள் இன்றைக்கும் 'சாரதி முறிவு' என்ற பெயரில் படிக்கிறார்கள். அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். ஹாண்டில் சுற்ற விரும்பாதவர்கள், வசதியுள்ளவர்கள், முழுக்க மின்சாரத்தில் ஓடும் கார்களை வாங்கினார்கள். பெற்றோல் கார்களின் ராசா ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே ஓட்டியது ஒரு டெற்றொயிற் இலெக்ரிக் கார்!

கடிலாக் கொம்பனியின் தலைவர் ஹென்றி லீலண்ட், தன் நண்பர் பைரன் கார்ட்டர் ஹாண்டில் உதைத்து இறந்ததைக் கேட்டுத்தான் இதற்கு முடிவு கட்டத் தீர்மானித்தார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். கார்ட்டர் இறந்தது 1908இல். கடிலாக்கில் வேலை சூடுபிடித்தது அதற்கு இரண்டு மூன்று வருசம் கழித்து. ஆகவே கதையைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள். நிச்சயமானது இதுதான்: லீலண்ட் அந்த வேலையை ஒப்படைத்த ஆள் சார்ள்ஸ் கெற்றறிங்.

கெற்றறிங் கார் உலகத்து ஆளே இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகரில், கடைகளில் காசு வாங்கும் கல்லாப்பெட்டி செய்கிற கொம்பனியில் வேலை பார்த்தவர். அங்கே கையால் சுற்றும் கல்லாப்பெட்டியை மின்மோட்டரில் இயங்க வைத்தார். அந்த வேலையில் அவர் பிடித்துக்கொண்ட விசயம் ஒன்று: பெட்டி திறக்கிறதுக்கு மோட்டர் ஓடுவது ஒரு கணம்தான். நாள் முழுக்க ஓடுகிற மோட்டர் என்றால் பெரிதாக, உறுதியாக இருக்க வேணும். கணநேரம் மட்டும் ஓடுகிறது என்றால் சின்ன மோட்டரை அதன் அளவுக்கு மீறி வேலை வாங்கலாம். அது சூடாகுவதற்கு முதல் வேலை முடிந்துவிடும். அதையே காருக்குக் கொண்டுபோனார். சின்ன மோட்டர், அதற்கு ஒரு பற்றரி, இஞ்சின் பிடித்ததும் அதே மோட்டர் மின்பிறப்பாக்கியாக மாறி எடுத்ததைத் திருப்பிப் போடும். 1911இல் செய்து காட்டினார். 1912 கடிலாக்கில் அது வந்தது. ஃபோர்ட் தன் மொடல் ரீக்கு மின் ஸ்ரார்ட்டர் கொடுக்கத் தொடங்கியது 1919இல்.

இந்த இடத்தில்தான் கார் பற்றரியின் தலையெழுத்து எழுதப்பட்டது. அது கணநேர வேலைக்காரன். சில செக்கன்களுக்குள் நூறு, இருநூறு அம்பியர் அள்ளிக் கொடுக்க வேணும் என்பதால் அதற்குள் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கினார்கள். தகட்டின் மேற்பரப்பு கூடக் கூட ஒரே தடவையில் கொடுக்கக்கூடிய மின்னோட்டமும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நேரம் கொடுத்து, அடிமட்டம் வரை இறங்கி, பிறகு ஏறுவதற்குத் தடித்த தகடு வேணும். சூரியசக்திக்குப் பூட்டுகிற பற்றரியில் அப்படி இருக்கும். கார் பற்றரியை அப்படி இறக்கினால் தகடுகளில் ஈய சல்பேற்று படிந்து இறுகிவிடும். இறக்கி அப்படியே சில நாள் விட்டால் அது பழையபடி வராது. ஒரு தடவை முழுக்க இறங்கின பற்றரி, திரும்பச் சார்ஜ் போட்டு ஸ்ரார்ட் வந்தாலும், ஆயுளில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். ஸ்ரார்ட்டர் 150 அம்பியர் வீதம் ஒரு செக்கன் இழுக்கிறது என்று வைப்போம். டாஷ் கமரா ஒன்று ஏறத்தாழ 4 வாற் எடுக்கும். 12 வோல்ற்றில் அது ஒரு அம்பியரின் மூன்றில் ஒரு பங்கு. அப்படியென்றால் ஒரு தடவை காரை ஸ்ரார்ட் பண்ணச் செலவாகிற மின்சாரத்தில் கமரா ஓடுவது ஏழரை நிமிசம். அவ்வளவுதான்! ஸ்ரார்ட்டர்தான் பெரிய தீனிக்காரன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒரு இரவு 12 மணித்தியாலம் ஓடுகிற கமரா, 96 தடவை ஸ்ரார்ட் பண்ணுகிற அளவைத் தின்றுவிடுகிறது.

கெற்றறிங்குக்குப் பிறகு காருக்குள் பற்றரி இருக்கிறதே என்று ஒவ்வொருவராக வந்து கையேந்தத் தொடங்கினார்கள். முதலில் லைற். காபைட் வாயு எரிந்த விளக்குகள் போய் மின்குமிழ் வந்தது. பிறகு றேடியோ. 1930இல் கல்வின் சகோதரர்கள் 'மோட்டறோலா' என்ற பெயரில் கார் றேடியோவை விற்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக் கார் றேடியோவுக்குத் தனிப் பற்றரிகளையும் சேர்த்துப் பூட்ட வேண்டியிருந்தது. (இதை மறக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும்.) சுமை கூடக் கூட, 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாறின. 1960இல் கிறைஸ்லர் தன் வேலியன்ற் காரில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஓல்ரனேற்றரைக் கொண்டுவந்தது. வண்டி மெல்ல ஊர்ந்தாலும் சார்ஜ் ஏறும் என்பதுதான் அதில் லாபம். ஆனால் இவை எல்லாமே இஞ்சின் ஓடும்போது தின்கிற ஆட்கள். திறப்பைத் திருப்பினதும் கார் செத்த மாதிரிக் கிடந்தது. மிஞ்சிப்போனால் ஒரு மணிக்கூடு ஓடும். கார் உண்மையில் உறங்காமல் போனது கொம்பியூட்டர் வந்த பிறகு. அலாரம், ரிமோட் திறப்புக்குக் காத்திருக்கிற ரிசீவர், நினைவகம் எல்லாம் சேர்ந்து, நிற்கிற கார் சாதாரணமாக 20 முதல் 50 மில்லியம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

எங்கட ஊர்களில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 கார்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியூர்க்காரர் வந்தால் நின்று படம் பிடிப்பார்கள். அந்தக் கார்களில் ஸ்ரார்ட்டரும் உண்டு, ஹாண்டில் விடுகிற ஓட்டையும் உண்டு. பற்றரி தளர்ந்தால் ஹாண்டில்; ஹாண்டிலும் சரிவராவிட்டால் நாலு பேர் தள்ளுவது. பற்றரி கடவுள் இல்லை, உதவியாள் என்கிற அளவில்தான் அந்தத் தலைமுறை அதை வைத்திருந்தது.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பெற்றோலும் இருந்தது, ரோர்ச் பற்றரியும் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றை அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருக்கும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு, வெயிலில் காயவைத்த பற்றரி, ஆணியால் துளைத்து உப்புத் தண்ணி விட்ட பற்றரி. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின் எடுத்து பீபீசி தமிழோசை கேட்டது. நாலு ரோர்ச் பற்றரி போடுகிற றேடியோவுக்கு 6 வோல்ற் வேணும், சைக்கிள் டைனமோ தருவதும் 6 வோல்ற். தடைப் பட்டியல் எழுதினவர்கள் இந்தப் பொருத்தத்தை யோசித்திருக்க மாட்டார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம் என்பதால் இடையில் டயோட் பூட்ட வேணும். சுற்றுகிற ஆள் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்துவிடும்.

வழமையான சைக்கிள் டைனமோ 3 வாற் தரும். எங்கட டாஷ் கமரா எடுப்பது 4 வாற். அதாவது, இரவு முழுக்க நிற்கிற காரில் கமரா ஓடவேணும் என்று நாங்கள் சொல்லும்போது, ஒரு ஆள் விடியும்வரை நிறுத்தாமல் சைக்கிள் பெடல் சுற்றினாலும் காணாத அளவைக் கேட்கிறோம். 'சின்னச் சாமான் தானே' என்கிற நினைப்பை இந்தக் கணக்கு அடித்துப் போட்டுவிடும்.

ஆனால் அந்த நாட்களில் எங்களுக்கு அதிகம் உதவுகிற பாடம் றேடியோவில் இல்லை, மண்ணெண்ணெயில் ஓடின வாகனத்தில் இருக்கிறது. பெற்றோல் இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விட்டால் சூடான பிறகு இருமி இருமி ஓடும், வெள்ளைப் புகை கக்கும். குளிர்ந்த இஞ்சினை மண்ணெண்ணெயால் மட்டும் எழுப்ப முடியாது. மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் தனியாக வைத்திருந்தார்கள். ஸ்ரார்ட் பண்ணும்போது மட்டும் காபரேற்றருக்குள் சில சொட்டு. இஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய். அந்தப் போத்தலை வேறு எதற்கும் தொடமாட்டார்கள். ஓட்டத்துக்கு என்ன விட்டாலும் பரவாயில்லை, எழுப்புகிறதுக்கு வைத்ததில் கைவைக்கக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு ஆரையாவது ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேணும் என்றால் அந்தச் சொட்டுகள்தான் கை கொடுக்கும்.

இன்றைக்கு டாஷ் கமரா பெட்டிக்குள் 'லோ வோல்ற்றேஜ் கட் ஓஃப்' என்று எழுதி வருகிற வசதி செய்வது இதையேதான். பற்றரியில் ஸ்ரார்ட்டுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தில் மட்டும் கமராவைச் சாப்பிட விடுகிறது.

கமரா எப்படிக் காருக்குள் வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முதலில் அதைப் பூட்டினது பொலிஸ். 1991 ஜனவரி 23 அன்று ரெக்சாஸ் மாநிலத்தில் டரல் லன்ஸ்ஃபோர்ட் என்ற அதிகாரி, வீதியில் மறித்த காரில் வந்தவர்களால் கொல்லப்பட்டார். அவருடைய காரில் இருந்த கமரா அதை வீடியோ நாடாவில் பதிந்தது. கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்க அந்த நாடாவும் காரணம். பிறகு கதை மறுபக்கம் திரும்பியது. நியூ ஜேர்சியில் கறுப்பின, லத்தீன் சாரதிகளைத் தெரிந்தெடுத்து மறிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு முற்றி, 1999இல் நீதிமன்றத்தின் கீழ் வந்த இணக்கத்தில், மாநிலப் பொலிசின் ரோந்துக் கார்களில் கமரா கட்டாயமானது. இந்தத் தடவை அது பார்க்க வேண்டியது பொலிசை. அந்தக் கார்களில் பற்றரி இறங்குவது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. வேலை நேரம் முழுக்க இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சாதாரண சனத்தின் கைக்கு அது வந்தது ரஷ்யாவில். வீதி விபத்துகள், காசுக்காக வேண்டுமென்றே காருக்கு முன் விழுகிறவர்கள், நம்ப முடியாத வீதிப் பொலிஸ். எல்லாத்துக்கும் ஒரே மருந்தாகக் கமராவைப் பூட்டினார்கள். 2013 பெப்ரவரி 15 காலை செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் வெடித்தபோது, உடைந்த கண்ணாடிகளால் ஏறத்தாழ 1,500 பேர் காயப்பட்டார்கள். வானத்தில் அது வந்த பாதையை விஞ்ஞானிகள் கணித்தது பெருமளவுக்கு இந்தக் கார்க் கமராக்கள், தெருக் கமராக்களின் வீடியோக்களை வைத்துத்தான். கார் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் என்பதால் அங்கேயும் மின்சாரம் ஓல்ரனேற்றரில் இருந்தே வந்தது. சிகரெற் பற்றவைக்கிற சொக்கற்றில் செருகினால் போதும்.

நிறுத்தின காரைக் காவல் காக்கிற பழக்கம் வலுத்தது தென் கொரியாவில். அங்கே இதன் பெயர் 'பிளாக் பொக்ஸ்'. அடுக்குமாடிகளுக்குக் கீழே நெருக்கி நெருக்கிக் கார் விடுகிற ஊர். உரசிப்போட்டுப் போனவன் ஆர் என்று தெரிய வேணும். காப்புறுதிக் கொம்பனிகளும் கமரா பூட்டினவர்களுக்குக் கட்டணம் குறைத்தன. 'பார்க்கிங் மோட்' பரவிய இடத்திலெல்லாம் பற்றரித் தலையிடியும் கூடவே பரவியது.

எங்கட நாட்டில் கமராப் பதிவு நீதிமன்றம் ஏறுமா என்று பலர் கேட்கிறார்கள். ஏறும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (சிறப்பேற்பாடுகள்) சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. சம்பவம் நடக்கும்போதே பதிவானதாக இருக்க வேணும், கருவி ஒழுங்காக வேலை செய்திருக்க வேணும், பதிவில் கைவைத்திருக்கக் கூடாது. விளக்கத் தவணைக்கு 45 நாட்களுக்கு முதலே எதிர்த்தரப்புக்கு அறிவிக்கவும் வேணும். அதே 1995இன் ஒக்டோபர் முடிவில்தான் வலிகாமத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு தென்மராட்சிக்கு நடந்தது. பதிவைச் சாட்சியாக ஏற்கிற சட்டம் வந்த வருசத்தில், பதிவதற்கு ஒரு பற்றரி கூட இல்லாமல் இருந்த சனம் நாங்கள். இப்ப அந்தச் சனத்தின் பிள்ளைகள் கண்ணாடியில் கமரா ஒட்டிக்கொண்டு ஏ9இல் போகிறார்கள். பெரிய வாகனத்துக்கும் சின்ன வாகனத்துக்கும் இடையில் விபத்து நடந்தால் ஆரின் சொல் எடுபடும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் கமரா ஆடம்பரச் சாமான் இல்லை. ஆனால் அதே கமரா இரவோடிரவாகப் பற்றரியைத் தின்று, அவசரத்துக்கு வண்டி எழும்பாமல் போனால்? இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்றால் நாங்கள் வண்டி எழும்புவதைத்தான் தெரிவு செய்வோம். பூட்டும் முறையை இந்தத் தெரிவுதான் தீர்மானிக்க வேணும்.

இப்ப வேலைக்கு வருவோம். 'ஹார்ட்வயர் கிற்' என்று விற்கிற பெட்டி 12 வோல்ற்றை 5 வோல்ற்றாக இறக்கும். பெரும்பாலும் அதில் மூன்று வயர் இருக்கும்: எப்பவும் மின் இருக்கிற பியூசுக்கு ஒன்று, திறப்புப் போட்டால் மட்டும் மின் வருகிற பியூசுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. இரண்டாவது வயர் எதற்கு என்றால், கார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அதை வைத்துத்தான் கமரா அறிகிறது. நிறங்களை நம்ப வேண்டாம், கிற்றோடு வருகிற தாளைப் பாருங்கள். எந்தப் பியூஸ் எப்பவும் உயிரோடு இருக்கிறது என்பதை மல்ரிமீற்றரால் தொட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேணும். எயார்பாக், ஏபிஎஸ், இஞ்சின் கொம்பியூட்டர் பியூஸ்களின் பக்கமே போகாதீர்கள். வயரை உரித்து முறுக்கிச் சொருகாமல், பியூசின் இடத்தில் செருகுகிற இரட்டைப் பியூஸ் பிடியை வாங்கிப் பூட்டுங்கள். பழைய பியூஸ் அதன் இடத்தில் இருக்க, கமராவுக்கு 2 அல்லது 3 அம்பியர் பியூஸ் தனியாக இருக்கும். எர்த், பெயின்ற் இல்லாத உலோகத்தில் இறுகின ஆணியில். முன்கண்ணாடி ஓரத்துத் தூணுக்குள் வயர் விடும்போது அங்கே எயார்பாக் இருந்தால் அதற்குப் பின்னால் விட வேணும். முன்னால் விட்டால், எயார்பாக் விரிகிற நாளில் அது குறுக்கே நிற்கும்.

இதெல்லாம் ஒரு மணித்தியால வேலை. பலர் கோட்டை விடுவது கட் ஓஃபில். நல்ல ஈயப் பற்றரி ஆறுதலாக இருக்கும்போது 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் அரைவாசி, 12.0 என்றால் கால்வாசி, 11.8 என்றால் கிட்டத்தட்ட வெறுமை. எண்ணில் வித்தியாசம் சின்னன், உள்ளே வித்தியாசம் பெரிசு. 11.8இல் வைத்துவிட்டு 'கட் ஓஃப் இருக்குத்தானே' எண்டு நிம்மதியாகப் படுப்பது, பெற்றோல் போத்தலை வெறுமையாக்கிப்போட்டு மூடியை இறுக்கி வைக்கிற மாதிரி. எங்கட சிபாரிசு 12.2. பற்றரி இரண்டு வருசத்துக்கு மேல் பழசு என்றால் 12.4. கமரா சில மணித்தியாலம் குறைவாக ஓடும், ஓடட்டும். கிற்றில் மணித்தியாலக் கட்டுப்பாடும் இருந்தால் 12 மணித்தியாலத்தில் வையுங்கள். இஞ்சின் நிறுத்தின உடனே அளந்தால் 12.8 கூடக் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

சின்ன ஜப்பான் கார்களில் 35 அம்பியர் மணி அளவுப் பற்றரிதான் பெரும்பாலும். புதுசாக, நிறைவாக இருந்தால் அரைவாசி வரை இறங்க 17 அம்பியர் மணி கிடைக்கும். கணக்குப்படி கமரா இரண்டு நாள் ஓடலாம். ஆனால் எங்கட பற்றரிகள் பழசு, வீட்டிலிருந்து சந்திக்கும் சந்தியிலிருந்து வீட்டுக்கும் ஓடுகிற வண்டிகளில் முக்கால்வாசிக்கு மேல் ஏறுவதும் குறைவு. பழசானதில் கொள்ளளவு 25 என்று பிடித்து, முக்காலில் இருந்து அரைக்கு இறங்க விட்டால், மிஞ்சுவது ஆறு சொச்சம். ஒரு இரவுக்குக் காணும். இரண்டாம் இரவு இல்லை. இரண்டு நாள் வண்டி எடுக்கப் போவதில்லை என்றால் கமராவைக் கழற்றிவிடுங்கள். அல்லது அடிபட்டால் மட்டும் விழித்துப் பதிகிற முறைக்கு மாற்றுங்கள். அந்த முறையில் தீனி மிகக் குறைவு. அசைவைக் கண்டால் பதிகிற முறை அப்படியில்லை. அசைவைக் காண்பதற்காகவே அது விழித்துக்கொண்டுதான் இருக்கும்.

அக்வா, பிறியஸ் வைத்திருக்கிற ஆட்கள் 'எங்களுக்குப் பெரிய பற்றரி இருக்கு' என்று நினைப்பதுண்டு. கமரா அந்தப் பெரிய பற்றரியில் ஓடுவதில்லை. தனியாக ஒரு 12 வோல்ற் பற்றரி இருக்கிறது, கமரா அதில்தான் ஓடும். இந்தக் கார்களில் ஸ்ரார்ட்டர் மோட்டர் இல்லை. அந்தச் சின்னப் பற்றரி கொம்பியூட்டரை எழுப்பி, பெரிய பற்றரியின் இணைப்பை மூட வேணும். அது படுத்தால் பெரியது நிறைய இருந்தும் 'ரெடி' லைற் வராது. தள்ளி ஸ்ரார்ட் பண்ணவும் ஏலாது.

2022ஐ நினைத்துப் பாருங்கள். பெற்றோல் வரிசை, 13 மணித்தியால மின்வெட்டு, பிறகு கியூஆர் பங்கீடு. வண்டிகள் கிழமைக்கணக்கில் முற்றத்தில் நின்றன. கமராவே இல்லாத கார் 30 மில்லியம்பியர் இழுத்தாலும் ஒரு மாதத்தில் 21 அம்பியர் மணிக்கு மேல் போய்விடும். திரும்பப் பெற்றோல் கிடைத்தபோது பல வண்டிகள் எழும்பாததற்கு அது ஒரு காரணம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் எல்லாரும் பழைய வண்டியையே இழுத்துப் பிடித்தார்கள். புதுப் பற்றரியின் விலையைக் கேட்டவர்களுக்கு அந்தக் காலம் மறக்காது.

இரவு பகல் கமரா ஓடித்தான் ஆகவேணும் என்ற நிலை இருந்தால், அதற்கென்றே தனியாக லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரிப் பெட்டி வருகிறது. ஓடும்போது சார்ஜ் ஏறும், நிற்கும்போது கமராவுக்கு மட்டும் கொடுக்கும், கார் பற்றரியைத் தொடாது. 1930இன் றேடியோவுக்குத் தனிப் பற்றரி பூட்டினார்கள் என்றோமே, அதே யோசனைதான். விலை கூட, வெயில் படாத இடத்தில் வைக்க வேணும். கமராவையும் உள்ளே லிதியம் பற்றரி இல்லாமல் கொள்ளளவி உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது; யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் பூட்டின காரின் முன்கண்ணாடி லிதியத்துக்குச் சரியான இடம் இல்லை.

மொறிஸ் மைனர், ஏ40 வைத்திருக்கிற ஆட்களுக்குத் தனியாக ஒன்று. அந்தக் கார்களில் பெரும்பாலானவை பொசிற்றிவ் எர்த்: பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். இடையில் ஆராவது மாற்றியிருக்கவும் கூடும், அதனால் பற்றரியில் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். இன்றைய கிற் எல்லாம் நெகற்றிவ் எர்த்துக்குச் செய்தவை. பார்க்காமல் பூட்டினால் முதலாவது செக்கனிலேயே புகை வரும். மற்றபடி அவர்களுக்குக் கவலை குறைவு. பற்றரி இறங்கினாலும் டிக்கிக்குள் ஹாண்டில் கிடக்கு.